கரிச்சான் பேர் வைத்த மரம்

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் மரமும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், மலைக்காட்டில் ஒருநாள் ஒரு சிரிப்பு கேட்டது. அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் இப்போதே இல்லை. சிரிப்பை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால் எழுந்து போய்விடுவீர்கள். முதலில் பாறையைப் பாருங்கள்.

யானை படுத்துக் கிடப்பதுபோல ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஒரு பிடி மண் கிடையாது. உச்சியில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பில் ஒரு மரம் நின்றது. எந்தப் பறவையின் எச்சத்தில் வந்து விழுந்த விதையோ தெரியாது. வேர்கள் உருகிய மெழுகுபோலப் பாறைமேல் வழிந்து, கல்லின் இடுக்கு ஒவ்வொன்றையும் தேடித் தேடி நுழைந்திருந்தன. கல்லைக் குடித்து வளர்ந்த மரம் என்று பேசிக்கொண்டார்கள். யானைக் கூட்டம்கூட அந்த வழியாக வந்தால் காலடியை மெதுவாக வைத்தது.

அந்த மரம் பேசியதே இல்லை. பாறைக்குள் வேரைச் செலுத்தவே மூச்செல்லாம் செலவாகிவிட்டது. பேச மிச்சமில்லை.

அந்த வருஷம் அது முதன்முறையாகக் காய்த்தது. ஒரு பூக்கூடப் பூக்காமல் கிளை முழுக்கக் காய். அதுதான் எல்லோருக்கும் அதிசயம். அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், ஒரு மரத்தின் காயைத் தொடுமுன் அதன் பேரைக் கேட்க வேண்டும். மரம் தன் குரலில் பேரைச் சொல்லும். ஆலமரம் அடித்தொண்டையில் சொல்லும். அரசமரம் சலசலத்துச் சொல்லும். அத்தி, ஆற்றங்கரைக்காரி, ஈரக்குரலில் இழுத்துச் சொல்லும். பேர் தெரிந்தால்தான் எந்தக் காய் யாருக்கு ஆகும், யார் வயிற்றைக் கலக்கும் என்று தெரியும்.

பாறைமேல் நின்ற மரத்திடம் யார் கேட்டும் பதிலில்லை. அதனால் அந்தப் பதிலைக் கரிச்சான் சொல்ல ஆரம்பித்தான்.

கரிச்சான் இளவட்டம். மை பூசிய உடம்பு, நெற்றியில் ஒரு குடுமி, வாலில் இரண்டு நீளக் கம்பி, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு துடுப்பு. காட்டில் அவனுக்கு வராத குரல் இல்லை. பருந்துபோலக் கத்திக் காட்டுக்கோழியை ஓடவைப்பான். ஓடின கோழிபோலவே கத்திப் பருந்தை வரவைப்பான். தவளைக்குத் தவளை, மானுக்கு மான். சொந்தக் குரல் என்று ஒன்று இருந்ததாகவே அவனுக்கு நினைவில்லை.

முதலில் இருவாச்சி வந்தார். பெரிய அலகு, பெரிய மரியாதை.

"ஐயா மரமே, தங்கள் பேர் என்னவென்று தெரிந்துகொள்ளலாமா?"

இலைக்குள் பதுங்கியிருந்த கரிச்சான் சலசலவென்று சொன்னான்: "நான் அரசு."

இருவாச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அரசிலைக்கு நுனியில் வால் இருக்குமே ஐயா. தங்களுக்குக் காணோமே."

"கோடை வெக்கை. நறுக்கிக்கொண்டேன்."

"நியாயந்தான்" என்று இருவாச்சி பறந்துபோனார்.

அடுத்து மந்தி வந்தாள். மரியாதைக்கும் அவளுக்கும் பழக்கமில்லை.

"ஏ மரமே, யாரு நீ? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நான் ஆல்" என்றான் கரிச்சான், அடித்தொண்டையில்.

"விழுதைக் காணோம்?"

"துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்."

மந்தி தலையைச் சொறிந்துகொண்டே போனாள். மறுநாள் இரண்டு பேரும் பாறையடியில் சந்தித்துக்கொண்டார்கள்.

"அரசு" என்றார் இருவாச்சி.

"ஆல். அதுவே என்கிட்ட சொல்லிச்சு. ஒமக்கு அலகு வளர்ந்த அளவுக்குக் காது வளரல."

"உனக்கு வால் வளர்ந்த அளவுக்கு வேறெதுவும் வளரவில்லை, அம்மா."

இரண்டு பேரும் அண்ணாந்து சேர்ந்து கேட்டார்கள். மேலிருந்து ஒரு நடுத்தரமான குரல் வந்தது: "அப்பா வழியில் அரசு. அம்மா வழியில் ஆல்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, நான் சொன்னதுதான் சரி என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். கரிச்சான் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து வழுக்கி விழப்பார்த்தான்.

நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

அதற்கடுத்த நாள் வெயில் ஏறும் நேரம். ஒரு குரல் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று கரிச்சானுக்குப் பிடிபடவில்லை. உற்றுப் பார்த்தான். காற்றில் ஒரு புள்ளி. கடுகில் பாதிகூட இருக்காது. கறுப்புக் குளவி. இறக்கை இருக்கிறதா என்றுகூட வெயில் பட்டால்தான் தெரிந்தது. அவளுக்குப் பொடிச்சி என்று பேர்.

"அம்மா, மரத்தம்மா" என்று அவள் கூப்பிட்டாள். "நீங்க கல்லிச்சியா? கல்லுமேல வளர்ற இச்சி மரமா?"

கரிச்சான் ஈரக்குரலில் இழுத்தான்: "யாரடி மகளே நீ?"

"நான் இன்னிக்கு விடியறப்போதான் பொறந்தேன். அதோ எதிர்த்த மலையில நிக்கிற கல்லிச்சி மரத்துல, ஒரு பழத்துக்குள்ள. எங்க அண்ணன்மாருக்கு எறக்கை கிடையாது. அவங்க கதவைக் கொடைஞ்சு விட்டுட்டு உள்ளயே இருந்துட்டாங்க. நீங்க போங்கன்னாங்க. நான் வந்தேன். இன்னொரு கல்லிச்சி எங்கேயோ பாறைமேல நிக்குதாம். இருட்டுறதுக்குள்ள அதைக் கண்டுபிடிச்சு உள்ள போகணும். முட்டை வைக்கணும். எங்களுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்லம்மா."

நெஞ்சோடு சேர்த்து ஏதோ மஞ்சள் பொடியை அவள் அணைத்துப் பிடித்திருந்தாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர்.

கரிச்சானுக்கு நாக்கு துறுதுறுத்தது. கடுகுக்குக்கூட ஏமாறத் தெரியுமா என்று பார்த்துவிட வேண்டும்.

"நான் அத்தி, மகளே. கல்லிச்சி அருவிக்கு அந்தப் பக்கம்."

பொடிச்சி தயங்கினாள். "வாசம் எங்க வீட்டு வாசமா இருக்கே."

"மரம் நானே சொல்கிறேன். மூக்கை நம்புவாயா, என்னை நம்புவாயா?"

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்று அவள் திரும்பிவிட்டாள். மரம் சொன்னால் அதுதான் பேர், அந்தக் காலத்தில். எதிர்காற்றில் அவள் பறந்தது பறப்பதுபோலவே இல்லை. அவள் ஒரு முழம் முன்னே போனால் காற்று அரை முழம் பின்னே தள்ளியது. அப்படித் தடுமாறிக்கொண்டே அருவிப் பக்கம் மறைந்தாள்.

திரும்பி வரட்டும், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று கரிச்சான் சிரிப்பை அடக்கிவைத்துக்கொண்டான்.

நண்பகலில் இருவாச்சி மறுபடி வந்தார். அரசம்பழம் பழுத்துவிட்டதா என்று ஒரு காயைப் பறித்து அலகில் கடித்தார். "பிஞ்சு" என்று துப்பிவிட்டுப் போனார். இரண்டாகப் பிளந்த காய் கரிச்சான் உட்கார்ந்திருந்த கிளைக்கவட்டில் வந்து விழுந்து நின்றது.

விளையாட்டாகத்தான் உள்ளே எட்டிப் பார்த்தான்.

உள்ளே பூ.

ஒன்றல்ல. சுற்றுச்சுவர் முழுவதும் பூ. ஊசிமுனை அளவு பூக்கள், ஆயிரமோ பல்லாயிரமோ, எல்லாம் நடுவைப் பார்த்து முகம் திருப்பி நின்றன. கதவை மூடிக்கொண்டு ஒரு தோட்டமே யாருக்கோ காத்திருந்தது. கரிச்சான் அண்ணாந்தான். கிளை கிளையாகக் காய். அத்தனை காய்க்குள்ளும் அப்படித்தான். பூக்காத மரம் என்று காடே சொன்ன மரம், தலைமுதல் கால்வரை பூத்து நின்றது. அவன் அதன் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு அதற்குப் பேர் வைத்து விளையாடியிருக்கிறான்.

இத்தனை குரல் தெரிந்தவனுக்கு இதற்கு எந்தக் குரல் பொருந்தும் என்று தெரியவில்லை.

அப்போது பொத்தென்று ஒரு சத்தம். ஒரு காய் வதங்கித் தானாகவே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. காயின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு வாசல் இருந்ததைக் கரிச்சான் அப்போதுதான் பார்த்தான். கடுகில் பாதி இருப்பவள் மட்டுமே நுழையக்கூடிய வாசல். யாரும் வராத காய்கள்தான் விழுகின்றன. யார் வரவேண்டும் என்பதும் அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவளை அனுப்பிவைத்தவனே அவன்தான்.

அருவிக்குப் பறந்தோடினான். இரைச்சலுக்கு மேல் யானையாகக் கத்தினான், மயிலாகக் கத்தினான், தெரிந்த குரலெல்லாம் கத்தினான். ஒரு புள்ளிக்கு எது காது என்று யார் கண்டது? வெயில் சாய்ந்தது. பாறைக்கே திரும்பிவந்து உட்கார்ந்தான்.

பொழுது மலையைத் தொட்டுக்கொண்டிருந்த வேளையில் காற்று அவளைக் கொண்டுவந்து போட்டது. ஒரு இறக்கை கிழிந்திருந்தது. மஞ்சள் பொடியை மட்டும் விடவில்லை.

"இதுதான் உன் மரம்" என்றான் கரிச்சான் அவசரமாக. வந்த குரல் கரகரவென்று இருந்தது. அவன் குரல்தான். பழகாத குரல்.

"நீங்க யாரு?"

"கரிச்சான்."

"அருவிக்கரையில சொன்னாங்க. கரிச்சான் பேச்சை நம்பிப் போனவன் வீடு சேரமாட்டான்னு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "நான் மரத்துக்கிட்டயே கேட்டுக்கறேன். மரத்தம்மா, அந்தப் பக்கம் யாரும் இல்லம்மா. நீங்க அத்திதானா? இன்னொரு தடவை சொல்லுங்க. நான் வேற எடம் பாக்கணும்."

கரிச்சானின் தொண்டைக்குள் மரத்தின் குரல் தயாராக இருந்தது. "நான் கல்லிச்சி" என்று ஈரக்குரலில் ஒரு வார்த்தை. போதும். அவள் நம்பிவிடுவாள். ஆனால் அது மரத்தின் வாயில் அவன் வைக்கும் வார்த்தை, நிஜமே ஆனாலும். உள்ளே அத்தனை பூவை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் ஒன்றின் முன்னால் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை.

பிறந்ததிலிருந்து முதன்முறையாகக் கரிச்சான் வாயை மூடினான்.

காடு அமைதியானது. பொடிச்சி பதிலுக்குக் காத்திருந்தாள். மரம் பேசவில்லை. பேசவே இல்லை. அந்தப் பேசாமைக்குள் காற்று ஒருமுறை கிளைகளைக் கோதிவிட்டது. காய்களின் வாசல்கள் வழியாக வாசம் இறங்கிவந்து அவளைச் சுற்றி நின்றது. பிறந்த வீட்டு வாசம்.

அவள் மீசைகள் நிமிர்ந்தன. மரத்தைப் பார்த்தாள். மூடியிருந்த கரிச்சானின் அலகைப் பார்த்தாள். மறுபடி மரத்தைப் பார்த்தாள்.

"அப்போ காலையில என்னை 'மகளே'ன்னது..." என்றாள்.

பிறகு சிரித்தாள். ஏமாந்தவளின் சிரிப்புதான், ஆனால் வீட்டு வாசலில் நின்று சிரிக்கிற சிரிப்பு. கடுகில் பாதி உடம்பிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் காட்டில் கரிச்சான் ஒருவன்தான் கேட்டான். சிரித்துக்கொண்டே அவள் காயின் வாசலில் தலையை நுழைத்தாள். வாசல் அவளுக்கும் நெருக்கமாகத்தான் இருந்தது. இறக்கைகள் இரண்டும் கழன்று வெளியே நின்றுவிட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே பூக்களுக்கு நடுவிலும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது.

அந்தக் காய் விழவில்லை.

அன்று முதல்தான் ஆலும் அரசும் அத்தியும் இச்சியும் வாயால் பேர் சொல்வதை விட்டுவிட்டு, அவரவர் குளவிக்கு மட்டும் தெரிகிற வாசத்தில் சொல்கின்றன. குளவிகளும் யாரிடமும் வழி கேட்பதில்லை. பழுத்த இச்சி மரத்தில் கரிச்சான் உட்கார்ந்து குரல் மேல் குரலாக மாற்றிப் பார்க்கிறானே, அதுவும் அன்று முதல்தான்: அந்த ஒரு சிரிப்பு மட்டும் அவனுக்கு இன்னும் வரவில்லை.