இரண்டு விரல்

குன்னூரில் ஹெலன் சௌந்தரி என்றொரு பெண்மணி இருந்தார். வயது நாற்பத்தாறு. உலகப்போர்க் காலத்துச் சண்டைக் கத்திகளைச் சேகரிப்பவர். எது அசல், எது போலி என்பதில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் அருணகிரி. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர்.

மூன்றாவது வருடம் ஒரு காலையில் அருணகிரி கேட்டார்.

"அம்மா, இனி நானே தனியா தீர்ப்பு சொல்லலாமா?"

ஹெலன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் போஜன். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், தேயிலை போட்டிருப்பவர். துண்டில் சுற்றிய கத்தியை மேசைமேல் வைத்தார்.

"எங்க தாத்தாவோடது. பர்மா சண்டைக்குக் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். பர்மாவும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு எங்க அண்ணன் சொல்றார். நீங்க எழுதிக் கொடுத்தா வாயடைச்சிடுவார்."

ஹெலன் அருணகிரியைப் பார்த்தார். "நீங்களே பாருங்க ஐயா."

அருணகிரி லென்ஸை எடுத்தார். இருபுறமும் கூரான குத்துவாள். கைக்காப்புத் தகட்டில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அம்புக்குறி முத்திரை. அதெல்லாம் சரி. ஆனால் இந்த வகைக் கத்திக்குப் பிடி பித்தளையில் இருக்க வேண்டும்; இதில் மரத்தில் இருந்தது. அளவிலும் பாதிதான். இருபது நிமிடம் பார்த்துவிட்டு லென்ஸை வைத்தார்.

"போலி. முத்திரையை யார் வேணும்னாலும் குத்தலாம். செஞ்சவனுக்குப் பிடியோட அளவுகூடத் தெரியலை."

போஜனின் முகம் சுருங்கிப்போனது. கத்தியைச் சுற்றத் துண்டை எடுத்தார்.

"இருங்க" என்றார் ஹெலன்.

அவர் லென்ஸைத் தொடவில்லை. கத்தியைக் கையில் பிடித்தார். பிடியில் இரண்டே இரண்டு பள்ளங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவற்றில் போய் உட்கார்ந்தன. மற்ற இரண்டு விரலுக்கும் பற்ற எதுவும் இல்லை. அவற்றை உள்ளங்கைக்குள் மடக்கினார். கத்தி அசையாமல் நின்றது.

"உங்க தாத்தாவுக்கு வலது கையில ரெண்டு விரல் இல்லையா?"

போஜன் திடுக்கிட்டார். "ஆமாங்க! பர்மாவுல போச்சுன்னு தாத்தா சொல்வார். தேயிலை மெஷின்ல மாட்டிப் போச்சுன்னு அண்ணன் சொல்றார். அதுலதான் எங்களுக்குள்ள சண்டையே."

"முத்திரை கட்டைவிரல் படுற பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. இது கைபட்டுத் தேஞ்சது. போலி செய்றவங்க அரத்தால தேய்ப்பாங்க, அது எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இருக்கும். கத்தி அசல்."

"அப்ப பர்மான்னு எழுதலாமுங்களா?"

"விரல் எங்க போச்சுன்னு கத்தியில இல்லை."

ஹெலன் ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டினார். 'கத்தி போர்க்காலத்தது. பிடி பின்னாளில், வலது கையில் இரண்டு விரல் இழந்த ஒருவருக்காகச் செய்தது.'

போஜன் தாளை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு கத்தியை எடுத்து, ஹெலன் பிடித்ததுபோலவே இரண்டு விரலை மடக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளையில தாத்தாவோட இந்தக் கையைப் பிடிச்சுத்தான் சந்தைக்கு நடப்பேன்" என்றார்.

பர்மாவைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. துண்டை அலகில் மட்டும் சுற்றிக்கொண்டு, பிடியைப் பிடித்தபடியே படியிறங்கிப் போனார்.

அருணகிரி லென்ஸை ஹெலன் பக்கம் நகர்த்தினார்.

"தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா அம்மா, பர்மான்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? மனுஷன் சந்தோஷமா போயிருப்பாரே?"

ஹெலன் ஜன்னல் பக்கம் கை காட்டினார். கீழே சாலை வளைவில் போஜன் போய்க்கொண்டிருந்தார்.

"அவர் கையைப் பாருங்க ஐயா. மடக்கின ரெண்டு விரலை இன்னும் நீட்டலை."