தோண்டாத இறால்

"தோண்டாத இறால் ஒண்ணு குடுங்க டீச்சர்."

கோமதிநாயகம் வாளியைக் கடை மேசைமேல் வைத்தார். வாளிக்குள் கடல் தண்ணீர். தண்ணீருக்குள் விரல் நீளத்தில் ஓர் இறால். அதை ஒட்டி ஒரு மஞ்சள் உளுவை மீன், வாலோரம் கிழிந்து.

டெல்பின் எட்டிப் பார்த்தாள்.

"தோண்டாத இறாலா? இருக்கே."

"எங்க?"

"எங்க வீட்டுக் குழம்புல."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தூத்துக்குடியில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். டெல்பினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கடற்கரைச் சாலையில் கடல்மீன் தொட்டிக் கடை வைத்திருந்தாள். விற்பதோடு விடாமல் வளர்க்கவும் சொல்லிக்கொடுப்பாள். அதனால் வயது பார்க்காமல் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"மறுபடியும் மலை விழுந்துட்டு."

மலை என்று அவர் சொன்னது தொட்டிக்குள் அடுக்கிய பாறைகளை. அடியில் மணலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் கல்மேல் கல் ஏற்றி, உச்சியில் ஒரு வளைவும் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இறால் மட்டும் போட்டோ எடுக்கவில்லை. மலைக்கு அடியில் போய் மணலைத் தோண்டியது.

"கல்லு சரிஞ்சு கண்ணாடியில மோதிட்டு. கீறலோட போச்சு. உளுவைக்கு வால் மாட்டிக்கிட்டு. கொஞ்சம் தள்ளியிருந்தா ரெண்டும் நசுங்கியிருக்கும்."

"முன்னாடி விழுந்தப்ப என்ன பண்ணீங்க?"

"கல்லுக்குக் கல்லு பசை வச்சு ஒட்டினேன்."

"அப்புறம்?"

"மொத்த மலையும் ஒண்ணா விழுந்துச்சு."

டெல்பின் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க போடுற மேடை எவ்வளவு நேரம் நிக்கணும் அண்ணாச்சி?"

"தாலி கட்டி, போட்டோ எடுத்து, பந்தி முடியிற வரைக்கும்."

"ம்."

அவள் வாளியை உள்ளே கொண்டுபோய், இறாலையும் உளுவையையும் தன் தொட்டி ஒன்றில் விட்டுவிட்டு வந்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

அவள் அதற்குள் சாலையைக் கடந்திருந்தாள்.

எதிரே கடல். அலை வந்து தொடுகிற ஈர மணலைக் காட்டினாள்.

"இதுல நில்லுங்க. அசையக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"பந்தி முடியிற வரைக்கும்."

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். காலை அகட்டி ஊன்றினார். கனத்த உடம்பு. இப்படி நின்றால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகர்த்த முடியாது என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு.

சின்ன அலை. கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. குதிகாலுக்கு அடியில் ஏதோ கூசியது.

இன்னோர் அலை. இன்னும் கூசியது.

குனிந்து பார்க்கப் போனார்.

"அசையாதீங்க!"

அடுத்த அலை போகும்போது குதிகால் இறங்கியது. கட்டைவிரல்கள் வானத்தைப் பார்த்தன. கைகளைக் காற்றில் துழாவினார். பிடிக்க ஒன்றும் இல்லை. தொப்பென்று உட்கார்ந்தார்.

டெல்பின் கைதட்டிச் சிரித்தாள்.

"யாரு அண்ணாச்சி தள்ளினது?"

"யாரும் தள்ளலயே..."

சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். பக்கத்து மணலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அது விரலிடுக்கில் ஒழுகிப் போனது. மறுபடி அள்ளினார். மறுபடியும் ஒழுகியது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலை ஒன்று வந்து மடியில் ஏறியது. அப்படியே உட்கார்ந்து சிரித்தார்.

"டீச்சர், தொட்டியில மணலுக்குக் கீழ கண்ணாடி இருக்குல்ல?"

"இருக்கு."

அவ்வளவுதான். ஈர வேட்டியோடு எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் தொட்டியைக் காலி செய்தார். மணலை அள்ளி அண்டாவில் போட்டார். கல்லெல்லாம் கூடத்தில் கிடந்தது.

மனைவி சண்முகவடிவு வந்து பார்த்தாள்.

"தூக்கிப் போடப் போறீங்களா? நல்லது."

"இல்ல. மணலுக்குக் கீழ வைக்கப் போறேன்."

மறுநாள் டெல்பின் வந்தாள். தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தட்டி ஒன்றை விரித்தாள். "கண்ணாடிக்கு நோகாம."

அதன்மேல் கோமதிநாயகம் பெரிய கல்லை வைத்தார். ஆடியது. புரட்டி வைத்தார். ஆடியது. இன்னொரு பக்கம் புரட்டினார். உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்தக் கல்லின் அழகான முகம் அடியில் போய்விட்டது.

டெல்பினைப் பார்த்தார். டெல்பின் சண்முகவடிவு கொடுத்த காபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லை அப்படியே விட்டார்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மீன் நுழைய இடம் விட்டு ஏற்றினார். வளைவு இல்லை. மலை பாதி உயரம்தான் வந்தது. டெல்பின் கிளாஸை வைத்துவிட்டு வந்து மலையை ஒரு தள்ளு தள்ளினாள். நின்றது. பக்கத்துக் கண்ணாடிக்கும் அதை ஒட்டியிருந்த கல்லுக்கும் இடையில் விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"நாளைக்குப் பாசி பிடிச்சா இங்க எப்படித் துடைப்பீங்க?"

கோமதிநாயகம் அந்தக் கல்லை உள்ளே தள்ளி வைத்தார். மலையை இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தார்.

கடைசியில்தான் மணல். நன்றாக அலசி, கல்லைச் சுற்றிக் கை கையாக இறக்கினார். தண்ணீர் ஊற்றியதும் தொட்டி பால் மாதிரி கலங்கியது. தெளியும்வரை அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தெளிந்தது. வால் தேறிய உளுவையையும் இறாலையும் டெல்பின் கொடுத்தனுப்பினாள். பொழுது சாயும் நேரத்தில் விட்டார்.

டெல்பின் கடையைச் சாத்தும்போது போன் அடித்தது.

"டீச்சர்! நேரா மலைக்கு அடியிலதான் போயிருக்கு. மண்ணு வாரி வாரிக் கொட்டுது. அது பொக்லைனாதான் பொறந்துருக்கணும்! உளுவை வாசல்ல காவல் நிக்கிது. இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது போல. மீசையை உளுவை மேல வச்சுக்கிட்டேதான் வெளிய வருது. உளுவை வாலை ஒரு ஆட்டு ஆட்டுச்சுன்னா ரெண்டும் உள்ள ஓடிருது! வடிவு இங்க தரையில உக்காந்துட்டா. அடுப்புல பாலை மறந்துட்டா, பொங்கி ஊத்திட்டு!"

பின்னால் சண்முகவடிவு சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சரி அண்ணாச்சி. கல்லு எப்படி இருக்கு?"



"அய்யய்யோ டீச்சர்... நான் கல்லைப் பாக்கவே இல்லயே!"