முதலில் கண்டவர் சொல்லிவிட வேண்டும்

ஆவுடையப்பனும் கோமதிநாயகமும் ஐம்பது வயதுக்கு மேல் ஒன்றாகத் துறவுக்கு வந்த சிநேகிதர்கள். வந்த அன்றே வெற்றிலை பாக்கு மாற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். யாருக்கு முதலில் ஞானம் கிட்டுகிறதோ, அவர் அன்று பொழுது சாய்வதற்குள் மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் பேசுகிறவர்களுக்குக்கூட அவ்வளவு முன்யோசனை இருக்காது. சாட்சியாக இருந்த குரு அந்த வெற்றிலையை வாங்கி மென்றுவிட்டார்.

பன்னிரண்டாம் வருஷம் ஆவுடையப்பன் குருவிடம் ஓடி வந்தார்.

“சாமி, கோமதி வாக்குத் தவறிட்டான்.”

“எதுலவே?”

“அவனுக்கு ஞானம் கிடைச்சிட்டு. எங்கிட்ட மூச்சு விடல.”

“கிடைச்சிட்டுன்னு உமக்கு எப்படித் தெரியும்?”

“தியானத்துல சிரிக்கான் சாமி. எனக்கு நேர் எதிர்ல உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, உதடு பிரியாம ஒரு சிரிப்பு. இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மூஞ்சி. ஒரு மாசமா தெனமும் பாக்கேன், வயிறு எரியுது. ஒரே நாள்ல வந்தோம், ஒரே கஞ்சியக் குடிச்சோம். அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

பொறாமையை மறைக்கத் தெரியாத மனிதர் அவர். குருவுக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான்.

“அவனை இப்பவே கூப்பிட்டுக் கேளுங்க சாமி. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான்.”

“கூப்பிட வேண்டாம்வே. நேத்து அவரே வந்தாரு.”

“ஒத்துக்கிட்டானா?”

“உம்ம மேல பிராது சொல்ல வந்தாரு. உமக்குக் கிடைச்சிட்டாம். நீரு மறைக்கீராம்.”

ஆவுடையப்பன் முகம் மலர்ந்துவிட்டது. கோமதி தன்னைப் பார்த்து வயிறெரிந்தான் என்பதே அவருக்கு அரை மோட்சம்.

“எனக்கா? என்னத்த வச்சுச் சொன்னான் சாமி?”

குரு நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். முழுதாக மூடவில்லை. இமைகளை இடுக்கிக்கொண்டு, அந்த இடுக்கின் வழியே ஆவுடையப்பனையே உற்றுப் பார்த்தார். கன்னம் மேலேறியது. உதட்டோரம் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது.

“இதேதான் சாமி! இந்தச் சிரிப்புதான்!” என்று கத்தினார் ஆவுடையப்பன்.

“உம்ம முகத்துல அவரு பாத்ததும் இதைத்தான்வே” என்றார் குரு.