விரல் இல்லாத தேக்கிலை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது, குழந்தைகளே. அந்த ஏரிக்கரையைப் பழுது பார்க்கும் மேஸ்திரி ஒரு கரடி. கரைக்குக் கீழே பள்ளத்தில்தான் அவளுடைய குகை. உள்ளே இரண்டு குட்டிகள். கரை உடைந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அந்தக் குகைக்குள்தான். அதனால் யாரையும் நம்பி ஒரு கூடை மண்ணைக்கூட விட்டுவைக்க அவளுக்கு மனசு வராது.

"கண்ணுல படாத வேலை காத்துல போன வேலை" என்பாள்.

ஆகவே தினமும் விடிந்ததும் எல்லோரும் ஆலமரத்தடியில் வந்து நிற்க வேண்டும். கரடி ஒரு பாறைமேல் ஏறி விரலை நீட்டுவாள். "அதை எடுத்து அங்கே போடு! நீ இதைப் பிடி!"

முள்ளம்பன்றிக்கோ அது தூங்கும் நேரம். நின்றபடியே தூங்கிப் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்வான். சாய்வது முள்ளம்பன்றி அல்லவா? பக்கத்தில் இருப்பவர் ஊரைக் கூட்டிவிடுவார். ஆமையின் பாடு இன்னும் மோசம். கிழக்கு மூலையில் கல் அடுக்குவது அவன் வேலை. முதல் நாளே கிளம்பினால்தான் விடியலில் ஆலமரம். திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"வந்துட்டுப் போறதே எனக்கு வேலையாப் போச்சு அக்கா. கல்லை எப்ப அடுக்குறது?" என்று ஆமை அழாத குறையாகக் கேட்டான்.

தையல்சிட்டு ஒரு யோசனை சொன்னாள். "அவங்கவங்க இடத்துல, அவங்கவங்க முழிச்சிருக்கிற நேரத்துல வேலை செய்யட்டுமே அக்கா. சொல்ல வேண்டியதை ஒரு முள்ளால தேக்கிலையில எழுதிடுங்க. கரையில இருக்கிற புங்கமரத்துல நான் நாரால தைச்சு மாட்டிடறேன். வர்றவங்க படிச்சுக்கட்டும்."

மழைக்காலம் நெருங்கிவிட்டது. கரையில் பாதி வேலைகூட முடியவில்லை. கரடி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள். முதல் இலையை அவளே எழுதினாள்:

"அதை எடுத்து அங்கே போடு. சீக்கிரம்."

மறுநாள் காலையில் கரடியால் குகையை விட்டு வெளியே வர முடியவில்லை. வாசலில் அவள் நெஞ்சு உயரத்துக்குக் களிமண் குவிந்து கிடந்தது!

"யாரு பார்த்த வேலை இது?" என்று உறுமினாள்.

முள்ளம்பன்றி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "நான்தான் அக்கா. முதுகு ஒடியச் சுமந்தேன். 'அதை'ன்னா களிமண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன். 'அங்கே'ன்னா... உங்க வீடுதானே உங்களுக்கு முக்கியம்?"

"கல்லைத் தூக்கிக் கரைமேல போடச் சொன்னேன்டா! இலையாவது தழையாவது! நாளையிலேர்ந்து எல்லாரும் ஆலமரத்தடிக்கு வந்துடணும்!"

"கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றாள் தையல்சிட்டு. "ஆலமரத்தடியில நீங்க 'அது'ன்னா, எதுன்னு உங்க விரல் காட்டிக் குடுத்துடும். தேக்கிலைக்கு ஏது விரல்?"

கரடி தன் விரலைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். தப்பு முள்ளம்பன்றியுடையது அல்ல என்று புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது. தேக்கிலையில் 'அது', 'இது', 'அங்கே', 'இங்கே' கூடாது. எந்தப் பொருள், எந்த இடம், எதற்காக என்று எழுத வேண்டும். முடித்தவர் தன் பங்குக்கு ஓர் இலை எழுதி மாட்ட வேண்டும். வேலை மளமளவென்று நடந்தது. ஆனாலும் கரடி ஒரு நாளைக்கு நாலு தடவை கரையைச் சுற்றி வராமல் இருக்க மாட்டாள்.

ஒரு நாள் காலையில் கரையில் சின்னக் கசிவு ஒன்று அவள் கண்ணில் பட்டது. குட்டிகளுக்கோ பசி. தேன் இருப்பது காட்டின் ஓரம் ஓடும் ஆற்றுக்கு அக்கரையில். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணி, ஓர் இலை எழுதி, தேன் எடுக்கப் போவதாகச் சொல்லித் தையல்சிட்டிடம் மாட்டக் கொடுத்துவிட்டுப் போனாள்:

"வடக்கு முனையிலிருந்து மூன்றாவது மருதமரத்தின் வேரடியில் கசிவு. களிமண்ணைப் புல்லோடு பிசைந்து ஏரிப் பக்கமாக அடைத்து, மேலே கல் வைக்க வேண்டும். கரை உடைந்தால் என் குட்டிகள் இருக்கும் குகைக்குள் தண்ணீர் வரும்."

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு இரு கரையும் புரண்டது. கரடி அக்கரையில் மாட்டிக்கொண்டாள்.

"கசிவை அடைங்க! அடைங்க!" என்று கத்தினாள். வெள்ளத்தின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. விரலை நீட்டினாள். யார் பார்க்க? வடக்கு என்றுதானே எழுதினோம், தெற்கு என்று எழுதித் தொலைத்தோமா? மூன்றாவது மரம்தானா? பொழுது விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து வெள்ளம் வடிந்ததும் தேனடைகளோடு ஒரே ஓட்டமாக ஓடினாள். குகைக்குள் தரை காய்ந்து கிடந்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கின. இரண்டின் வாயும் நாவற்பழக் கறையால் ஊதாவாக இருந்தது. கரடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு புங்கமரத்துக்குப் போனாள். மூன்று புது இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"மூன்றாவது மருதமரத்துக் கசிவு கை நுழையும் அளவு பெருகிவிட்டது. களிமண்ணும் புல்லும் வைத்து அடைத்தேன். கல் வைக்க ஆமை வேண்டும். இப்படிக்கு முள்ளம்பன்றி."

"ஐந்து கல் வைத்தேன். கசிவு நின்றது. ஏரி நிறைந்ததால் நீந்தியே வந்துவிட்டேன். நடப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. இப்படிக்கு ஆமை."

"குட்டிகள் பசி என்றார்கள். நாவற்பழம் கொடுத்தேன். அம்மா எங்கே என்றார்கள். தேனோடு வருவார் என்றேன். இப்படிக்குத் தையல்சிட்டு."

கரடிக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரையும் ஆலமரத்தடிக்குக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். முள்ளம்பன்றியின் குறட்டை வளையிலிருந்து கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு தேக்கிலையை எடுத்து, "அதற்கு நன்றி" என்று எழுதினாள். படித்துப் பார்த்துச் சிரித்தாள். 'அதற்கு' என்பதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

"மூன்றாவது மருதமரத்துக் கசிவை அடைத்ததற்கும், என் குட்டிகளைப் பார்த்துக்கொண்டதற்கும் நன்றி. புங்கமரத்தின் வேரடியில் மூன்று தேனடை வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று. அவரவர் விழித்ததும் சாப்பிடவும்."

அன்று அவள் கரையைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. குட்டிகளை அணைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

நீதி: எதிரில் இல்லாதவருக்கு வேலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அவரை நம்ப வேண்டும்.