ஒரு பல் தள்ளி

கோகிலவாணி தன் பட்டறையில் யாருடைய வண்டியையும் தொடமாட்டார். கோயம்புத்தூரில் இப்படியும் ஒரு மெக்கானிக்கா என்று சிரித்தவர்கள் உண்டு. வண்டிக்காரரே தன் கையால் கழற்றி, தன் கையால் மாட்ட வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதும், கேட்டால் பதில் சொல்வதும்தான் அவர் வேலை. ஐ.டி.ஐ.யில் பத்து வருடம் பாடம் எடுத்தவர். வயது நாற்பதுதான் என்றாலும் எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா.

நாச்சிமுத்து மட்டும் அம்மிணி என்று கூப்பிட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். நேற்றுப் பிறந்த பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்ற நினைப்பு அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் காருக்குத் தோதான ஸ்பேனர்கள் அந்தப் பட்டறையில்தான் கிடைத்தன.

கார் அவர் மகன் சசிதரனுடையது. இரண்டே கதவு வைத்த, முப்பது வயதான மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். பதினோரு வருடமாக வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. டைமிங் பெல்ட் எந்த நிமிடமும் அறுந்துவிடும் என்று பயந்து, ஸ்டார்ட் செய்யாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எதுக்குங்கய்யா இப்ப இத எழுப்பறீங்க?" என்று முதல் நாளே கேட்டார் கோகிலவாணி.

"பையன் வர்றானுங்க, மஸ்கட்டுல இருந்து. அவங்கம்மா போயி ஒரு வருசம் ஆவுது, சாமி கும்பிடோணும். நாலு நாள்தான் இருப்பான். அதுக்குள்ள இத ஓட்டிப் பாக்கச் சொல்லோணும்."

"ஆசையா ஓட்டுவாருங்களா?"

"ஆசைக்கு இல்ல அம்மிணி. ஒரு வழக்குத் தீக்கோணும்."

வழக்கு பழையது. பழைய இரும்புக் கடையில் கிடந்த காரை மீட்டு, அப்பாவும் மகனும் ஒன்றரை வருடம் அதனோடு மல்லுக்கட்டி ஓடவைத்தார்கள். ஊருக்கு வெளியே நடக்கும் ரேஸில் சசி ஓட்டுவதாக ஏற்பாடு. ஒரு வாரம் இருக்கும்போது டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டி வந்தது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றான் சசி. நான் இருக்கையில் இன்னொருவன் கை எதற்கு என்று நாச்சிமுத்துவே மாட்டினார்.

ரேஸில் சசி கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். இறங்கியதும், "வண்டி இழுக்கலப்பா. என்ன மிதிச்சாலும் மேல போக மாட்டேங்குது," என்றான். சுற்றிலும் அவனுடைய கூட்டாளிகள் நின்றிருந்தார்கள்.

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சசி சாவியை அப்பாவின் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் காரில் ஏறவில்லை. மறு வருடம் மஸ்கட் போனான். ஃபோன் வந்தால் அம்மாவோடு பேசுவான். அம்மா போன பிறகு ஃபோனும் குறைந்துபோனது.

ஒற்றை ஆளுக்கு அரிசி களைந்து போடும்போதெல்லாம் நாச்சிமுத்துவுக்கு மகன் ஞாபகம்தான். கோபம் எப்போதோ வற்றிவிட்டது. மிஞ்சியது ஏக்கம். ஏக்கத்தைச் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் வழக்கு என்றார்.

"வண்டியில கொறையில்லைன்னு ஒருக்கா அவன் வாயால சொல்லிப்போட்டாப் போதுமுங்க. அப்புறம் எல்லாம் செரியாப் போயிரும்."

"ரேடியேட்டர்ல தண்ணிய வடிங்க," என்றார் கோகிலவாணி.

முதல் இரண்டு நாளும் மழை மூடிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் இருவருக்கும் பேச்சும் குறைவு. மூன்றாம் நாள் காலை எஞ்சினின் முன்மூடியைக் கழற்றியதும் பெல்ட் கண்ணில் பட்டது. கீழே ஒரு பல்சக்கரம், மேலே இரண்டு. பிஸ்டன் ஏறி இறங்குவதும் வால்வு திறந்து மூடுவதும் ஒன்றோடொன்று பிசகாமல் நடப்பது, அந்த மூன்றையும் சேர்த்துச் சுற்றும் பல் வைத்த ரப்பர்ப் பட்டையால்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் அவரே இழுத்த வெள்ளைப் பெயிண்ட் கோடுகள் அப்படியே இருந்தன. சக்கரத்துக்கு ஒரு கோடு, அதற்கு நேராக எஞ்சினில் ஒரு கோடு. நாச்சிமுத்துவுக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல இருந்தது.

"மேல் சக்கரத்தப் புடிச்சுக் கட்டிட்டு பெல்ட்டக் கழட்டுங்க. இல்லீன்னா சக்கரம் துள்ளித் திரும்பிக்கும்."

"தெரியுமுங்க அம்மிணி. போன தடவ துள்ளுச்சு. ஸ்பேனரப் போட்டுத் திருப்பி வெச்சுட்டனுங்க."

கோகிலவாணி அவரை ஒரு தரம் பார்த்தார்.

பழைய பெல்ட்டிலும் கோடு போட்டு, கழற்றி, புதிய பெல்ட்டின் பக்கத்தில் கிடத்தினார் நாச்சிமுத்து. பற்களை எண்ணி எண்ணிப் புதியதிலும் அதே இடங்களில் கோடு இழுத்தார்.

"எதுக்குங்கய்யா அந்தக் கோடு?"

"பழசு எப்படி இருந்துச்சோ, புதுசும் அப்படியே உக்காரோணுமில்லீங்க?"

"பழசப் போட்டது யாருங்க?"

"நாந்தானுங்க."

சொன்ன குரலில் பெருமை இருந்தது. கோகிலவாணி வாசலில் பெய்யும் மழையைப் பார்த்தார்.

பெல்ட் கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தது. பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்த்து போல்ட்டை முடுக்கினார்.

"எஞ்சினக் கையால முழுசா ரெண்டு சுத்து சுத்துங்க."

நீள ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றினார். எங்கும் தட்டவில்லை. இரண்டாவது சுற்று முடிந்ததும் சக்கரத்துக் கோடுகள் எஞ்சின் கோடுகளுக்கு நேராக வந்து நின்றன. நாச்சிமுத்து நிமிர்ந்து, எப்படி என்பதுபோலப் பார்த்தார்.

கோகிலவாணி ஒரு துணியையும் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவையும் நீட்டினார்.

"கோட்ட அழிங்க."

"ஏனுங்க?"

"அழிங்க."

அழித்தார். பெயிண்ட் போனது. அதற்கடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கும் போனது. சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டக் கம்பெனியே குத்தி அனுப்பிய சிறு புள்ளிகள் இரும்பில் தெரிந்தன. கீழ்ச் சக்கரத்தின் புள்ளி எஞ்சின் புள்ளிக்கு நேராக இருந்தது. மேலே வலது சக்கரமும் நேர்தான். இடது சக்கரம் நேராக இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரல் நகத்தை வைத்து எண்ணினார். ஒரு பல் தள்ளி இருந்தது.

போன தடவை துள்ளிய சக்கரம் அதுதான். அன்றைக்கு சசி டீ வாங்கப் போயிருந்தான். புள்ளி இருக்கிறதா என்று தேடாமல், கண் மதிப்பில் திருப்பி வைத்து, வைத்த பிறகு பெயிண்ட் கோடு போட்டார். முப்பது வருடம் மெஷின் பார்த்த கண், பிசகாது என்று நம்பினார். மகன் டீயோடு வந்தபோது அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அன்று அவருக்குத் தோன்றவில்லை.

நாச்சிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டாளிகளுக்கு நடுவில் நின்ற மகனின் முகம் கண்ணுக்குள் வந்து, போக மறுத்தது.

தின்னர் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப ஒரு பல்லு நவுத்தி மாட்டிப்போட்டா, வண்டி நல்லா இழுக்குமில்லீங்க?"

"இழுக்குமுங்க."

"அவன் ஓட்டிப் பாத்தான்னா... அப்பன் சொன்னதுதான் நெசம்னு நெனச்சுக்குவான்."

"நெனச்சுக்குவாருங்க."

கோகிலவாணி திட்டுவார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவரோ ஸ்டூலை விட்டு அசையவில்லை.

கழற்றிப் போட்ட பழைய பெல்ட் காலடியில் கிடந்தது. நாச்சிமுத்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைக் கோடுகள் அழகாகவே இருந்தன.

"வாத்தியாரம்மா," என்றார். அப்படி அவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "அப்பெல்லாம் சாவி போட்டதும் கப்புனு புடிச்சுக்குமுங்க. ஒரு இருமல் இல்ல, ஒரு ஒதறல் இல்ல. பக்கத்துல நின்னு காது குடுத்துக் கேட்டேன், சத்தம் சுத்தமா இருந்துச்சு. ஒரு பல்லு தப்பி நிக்குதுன்னு எனக்கு எப்படீங்க தெரிஞ்சிருக்கும்?"

"நின்னு கேக்கறவங்களுக்குத் தெரியாதுங்கய்யா," என்றார் கோகிலவாணி. "ஓட்டுறவங்க சொல்லுவாங்க."