நேராக்கிய ஸ்பானர்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்துநான்கு.

குருவின் பெயர் பெப்பின். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிறவர். சீடரின் பெயர் தில்லைநாயகம். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். பழைய ஸ்பானர்களைத் தேடிச் சேர்க்கிறவர். சேர்த்தால் மட்டும் போதாது, அவற்றைப் பிடித்து வேலை செய்யவும் தெரிய வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. பெப்பினிடம் வந்தார். அது மூன்று வருடத்துக்கு முன்பு.

குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘வாத்தியாரே’ என்பார். படகுக்காரர்களுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். அவர்கள் இருவரும் சிரித்ததில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தது. இரண்டு மாதமாகக் கரையில் கட்டிக்கிடந்த படகுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போக வேண்டும். துறைமுகம் முழுவதும் சுத்தியல் சத்தம்.

அன்று காலை தில்லைநாயகம் ஒரு வெள்ளைத் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். வேலை மேசைமேல் வைத்தார்.

“பிரிச்சுப் பாருங்க வாத்தியாரே.”

பெப்பின் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். முக்கால் இன்ச் ரிங் ஸ்பானர். நிக்கல் முலாம் பூசியிருந்தது. முகம் பார்க்கலாம்.

“எங்க பிடிச்சீய?”

“பழைய இரும்புக் கடையில. எடைக்கு வந்த குப்பையில கிடந்துச்சு. அறுபது வருசத்துச் சரக்கு, வாத்தியாரே. ஆனா அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். ஒரே துரு. கைப்பிடி பூரா சைக்கிள் டியூப். எவனோ ஒரு பாவி பைப்பைச் செருகி முறுக்கியிருக்கான், கோணல்மாணலா வளைஞ்சு கிடந்துச்சு. மண்ணெண்ணெயில நாலு நாள் ஊறப்போட்டேன். காய்ச்சி, வைஸ்ல கட்டி நேராக்கினேன். ஸ்கேல் வச்சுப் பாருங்க, ஒரு நூல் விலகாது.”

பெப்பின் ஸ்கேல் வைக்கவில்லை. வளையத்தின் வெளிவிளிம்பில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு?”

“என்னது?”

“வளைஞ்சு கிடந்துச்சுன்னீயளே. எந்தப் பக்கமா?”

தில்லைநாயகம் யோசித்தார். “வலது... இல்ல, இடது. போட்டோ இருக்கு.”

கைபேசியை எடுத்துக் காட்டினார். பழைய கருவிகள் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். அறுபத்தொரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ‘டாக்டர் கை’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பெப்பின் முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல இருந்து எடுத்திருக்கீய.”

“ஆமா.”

“இடது பக்கம் போறது தெரியுது. தரையிலருந்து எவ்வளவு தூக்கி நின்னுச்சுன்னு தெரியலையே.”

“அது எதுக்கு வாத்தியாரே?”

பெப்பின் வாயைத் திறப்பதற்குள் வாசலில் எஸ்தாக்கி வந்து நின்றார். அவரும் படகு மெக்கானிக்தான். பெப்பினைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மாசி மாதம் வலை இழுக்கும் கயிற்றில் வலது மணிக்கட்டு சிக்கி நசுங்கிவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். விரல்கள் அசையும். மணிக்கட்டு மடங்காது.

“லே பெப்பினு, வளைஞ்ச ரிங் ஸ்பானரு ஒண்ணு உன் கண்ணுல பட்டுச்சா? முக்கால் இன்ச்.”

“என்னாச்சுண்ணே?”

“என் மச்சினன் பண்ணின புண்ணியம். நான் படுத்துக் கிடந்தப்ப ஷெட்டைச் சுத்தம் பண்ணுதேன்னு பெட்டியோட எடைக்குப் போட்டுட்டான். மத்ததெல்லாம் கடையில கிடைக்கும். அது எந்தக் கடையில கிடைக்கும், சொல்லு? நான் வளைச்சது.”

“எந்த வேலைக்கு?”

“கடல்தண்ணி பம்பைக் கழத்தணும். மூணு நட்டு வந்துட்டு. நாலாவது, பம்புக்கும் படகு விலாவுக்கும் நடுவுல ஒளிஞ்சு கிடக்கு. அந்த ஸ்பானர் இருந்தா அஞ்சு நிமிசம். இல்லாட்டா இன்ஜினையே தூக்கணும், ரெண்டு நாளு. நாளைக்கு மதியம் வரைக்கும்தான் பாப்பேன், பொறவு வேற ஆளுன்னு படகுக்காரரு சொல்லிட்டாரு. கை போனவன்னு இப்பமே பேரு வச்சுட்டானுவ. திரும்பி வந்து எடுத்த முத வேலைலே இது.”

பிறகு தில்லைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க பழசெல்லாம் சேக்குதீயளே. எங்கயாவது பாத்தீயளா? பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கும். பிடியில டியூப் சுத்தியிருப்பேன்.”

ஸ்பானர் மேசைமேல் திறந்த துணியில் கிடந்தது. எஸ்தாக்கியின் பார்வை அதன்மேல் விழுந்தது.

“இது யாருது, கல்யாண மாப்பிள்ளை கணக்கா மினுங்குது?” என்றார். பார்வை அதைத் தாண்டிப் போய்விட்டது.

“வளைஞ்சது எதுவும் என்கிட்ட இல்லையே” என்றார் தில்லைநாயகம்.

அவர் குரல் அவருக்கே நன்றாகக் கேட்டது. அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களிடம் பேசும் குரல்.

எஸ்தாக்கி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார். பெப்பின் குனிந்து ஒரு வால்வைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். நிமிரவில்லை.

தில்லைநாயகம் காத்திருந்தார். ஒரு சொல் வரும் என்று நினைத்தார். வால்வு தேய்கிற சத்தம் மட்டும் வந்தது. அவர் துணியை மடித்து ஸ்பானரைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அதை வைஸில் கட்டினார். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இடது பக்கம் வளைக்க வேண்டும், அது தெரிந்தது. எவ்வளவு மேலே? எந்த இடத்தில் தொடங்கி? அவர் கையில் நான்கு நாள் இருந்த பொருள். கண்ணை மூடினால் துருதான் நினைவுக்கு வந்தது.

எதிர்ச் சுவரில் இருநூற்றுப் பதினேழு ஸ்பானர்கள் தொங்கின. எல்லாம் நேராக இருந்தன. அவற்றில் எத்தனை தானாகவே நேராக வந்தவை, எத்தனை தன்னால் நேரானவை என்று எண்ணிப் பார்த்தார். இருபது வரை எண்ண முடிந்தது. அதற்குமேல் நினைவில்லை.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்கு வந்தார். பெப்பின் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“நேத்து நான் பொய் சொன்னேன் வாத்தியாரே.”

“ம்.”

“இதை நீங்களே அவர்கிட்டக் கொடுத்துடுறீங்களா?”

“நானா நேராக்கினேன்?”

பெப்பின் பூட்டைத் திரும்பப் போட்டார். பைக்கை உதைத்தார்.

“ஏறுங்க.”

படகின் இன்ஜின் அறையில் எஸ்தாக்கி மல்லாந்து கிடந்தார். மேலே தளத்தில் படகுக்காரர் யாரிடமோ கைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் ஏணியில் இறங்கிப் போய்த் துணியைப் பிரித்தார்.

“இதுதான்.”

“என்னது இதுதான்?”

“நீங்க தேடுறது.”

“சார், காலங்காத்தால விளையாடாதீய. என் ஸ்பானரு அட்டக்கரி.”

சிரித்துக்கொண்டே இடது கையில் வாங்கினார். வளையத்தின் விளிம்பில் அவர் கட்டைவிரலும் ஓடியது. பெப்பினின் விரல் நின்ற அதே இடத்தில் நின்றது. பம்புக்கும் வளையத்துக்கும் இடையில் இடம் போதாமல், விளிம்பின் அந்தப் பகுதியை முன்பு அவரே அரம் போட்டு மெலிதாக்கியிருந்தார். அதை மட்டும் முலாம் மறைக்கவில்லை.

சிரிப்பு போய்விட்டது.

“நேத்து பட்டறையில கிடந்தது இதா?”

“இதுதான்.”

“நான் கேட்டேனே சார்.”

“கேட்டீங்க.”

“இல்லைன்னீயளே.”

“சொன்னேன்.”

இன்ஜின் அடியில் தேங்கிய தண்ணீர் படகு அசையும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

“எஸ்தாக்கி!” மேலே இருந்து குரல். “முடியுமா முடியாதா? கிரேனைக் கூப்பிடட்டா?”

“முடியும்!” என்று கத்திவிட்டு, எஸ்தாக்கி பெப்பினிடம் குரலைத் தாழ்த்தினார். “முடியுமாலே?”

“வளைவு ஞாபகம் இருக்காண்ணே?”

“பதினோரு வருசத்துக்கு முந்தி வளைச்சது. மண்டைக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். அந்தக் கைதான் இப்பம் மடங்கமாட்டேங்கே.”

அந்த இடுக்கில் வலது கை மட்டும்தான் நுழையும். பெப்பின் முயன்றார். முழங்கைக்குக் கீழே சதை தடித்திருந்ததால் விலாவைத் தாண்டவில்லை. இருவரும் திரும்பி தில்லைநாயகத்தின் கையைப் பார்த்தார்கள்.

“சார் கை மெலிசுதான்” என்றார் எஸ்தாக்கி. “பேப்பர் புரட்டுன கைலா.”

தில்லைநாயகம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். இஸ்திரி போட்ட சட்டையோடு எண்ணெய்த் தண்ணீரில் மல்லாந்து படுத்தார். கையை உள்ளே விட்டார்.

“விலாவைத் தாண்டிக் கீழ போங்க. கீழ. இப்பம் மேல தூக்குங்க. பட்டுச்சா?”

“இல்ல.”

“மணிக்கட்டை மடக்குங்க. இன்னும். வலிக்கணும்.”

வலித்தது. விரல்நுனியில் நட்டின் ஆறு பட்டை தட்டியது.

“பட்டுச்சு.”

“அப்படியே நில்லுங்க. அசையாதீய.”

எஸ்தாக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு மெல்லிய கம்பியை எடுத்து தில்லைநாயகத்தின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு, விரல் வரை சேர்த்து வைத்து இடது கையால் வளைத்தார். கம்பி இடது பக்கம் போய், பிறகு மேலே எழும்பி, பிறகு உள்ளே திரும்பியது.

“பாத்துக்கிடுங்க” என்று அதைத் தில்லைநாயகத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். “எவனோ ஒரு பாவி பைப்பைச் செருகி முறுக்குனது இல்ல.”

தில்லைநாயகம் பெப்பினைப் பார்த்தார். பெப்பின், தான் எதுவும் சொல்லவில்லை என்று தலையசைத்தார். ஸ்பானரை அந்தக் கோலத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

தளத்தில் வைத்து ஸ்பானரைச் சூடு காட்டினார்கள். முலாம் முதலில் கருத்தது. பிறகு கொப்பளித்து, வெயில்பட்ட முதுகுத் தோல் மாதிரி உரிந்தது. பெப்பின் வளைத்தார். எஸ்தாக்கி கம்பியை வைத்து அளந்தார். தில்லைநாயகம் அதை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

முதல் தடவை விலாவில் இடித்தது. இரண்டாம் தடவை நட்டில் உட்கார்ந்தது, ஆனால் திருப்ப இடமில்லை. மூன்றாம் தடவை உட்கார்ந்தபோது சத்தம் வரவில்லை. கையில் மட்டும் தெரிந்தது.

“இழுங்க சார்.”

இழுத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. விரல்முட்டி விலாவில் உரசித் தோல் போனது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். நட்டு கிறீச்சிட்டு இளகியது.

எஸ்தாக்கி மேலே பார்த்து, “கிரேனு வேண்டாம்!” என்று கத்தினார். பிறகு தில்லைநாயகத்தின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக் கைலியில் துடைத்தார்.

“அந்த டியூபை என்ன செஞ்சீய சார்?”

“அறுத்து எறிஞ்சிட்டேன்.”

“வழுக்கக் கூடாதுன்னு சுத்துனது” என்றார் எஸ்தாக்கி. பம்பைக் கழற்றத் திரும்பிவிட்டார்.

கரையில், குழாயடியில் குருவும் சீடரும் கை கழுவினார்கள். பெப்பின் சோப்புத் தூளை நீட்டினார்.

“வாத்தியாரே, நேத்து நீங்க ஏன் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல?”

“உங்களைத்தான கேட்டாரு.”

தில்லைநாயகம் தேய்த்த கையையே தேய்த்துக்கொண்டிருந்தார். முட்டியில் எரிந்தது.

“எனக்காக அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும் நீங்க.”

“என்ன?”

“அந்த ஸ்பானர் எனக்கு வேணும். அதே மாதிரி இன்னொண்ணை நானே வளைச்சு, நட்டுல போட்டுப் பாத்து, டியூப் சுத்திக் கொடுத்துடுறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. ஆனா அது என் வீட்டுச் சுவர்ல இருக்கணும் வாத்தியாரே. நட்டநடுவுல. தோல் உரிஞ்சபடியே. காலையில எந்திரிச்சதும் அது என் கண்ணுல படணும். என்ன செஞ்சேங்கிறது எனக்கு மறந்துடக் கூடாது.”

பெப்பின் நகக்கண்ணில் இருந்த கரியைத் துருவிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, பக்கத்தில் கட்டியிருந்த படகைத் தாடையால் காட்டினார்.

“அதுலயும் அதே பம்புதான் அண்ணாச்சி. மதியம் எஸ்தாக்கி அங்க போகணும். அவருக்கு ஸ்பானர் வேணும்.”