பதினேழு அடி வாங்கிய படகு

வெள்ளந்தியேந்தல்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். எரிச்சலில் யாராவது 'போய் விழு' என்றால்கூட, எந்தப் பக்கமாக விழ வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதனால் சுற்று வட்டாரத்தில் ஒருவரும் இவர்களிடம் கோபப்படுவதில்லை. கோபப்பட்டு என்னவாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

அந்த ஊரின் பெரிய தலைக்கட்டு வெயிலுமுத்து. ஆடிக் காற்று விசிறியடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் வீங்கி, முகத்தில் பாதி சந்தோஷமாகவும் பாதி சாதாரணமாகவும் இருந்தது. வலியைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் அன்று சாயங்காலம் கண்மாய்க் கரைக் கருப்பர் கோயிலில் கிடா விருந்து. முதல் நல்லி எலும்பு அவருக்குத்தான். ஊர் பார்க்க அதைக் கடித்து உடைக்க வேண்டும். முடியாவிட்டால் எலும்பு பங்காளி சாத்தப்பனுக்குப் போய்விடும். சாத்தப்பன் காலையிலேயே பல்லைத் துலக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கோயில் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான்.

பல் டாக்டர் இருந்தது கண்மாயின் அக்கரையில்.

"பஸ்ஸுல போனா குலுக்கி எடுத்துரும்," என்றாள் வெயிலுமுத்துவின் மனைவி மீனாள். "இந்தப் பல்லோட குலுங்கினா மனுஷன் தாங்க மாட்டாரு. தண்ணியில போயிருவோம். அலுங்காமப் போகலாம்."

தண்ணீர் மெத்தென்று இருக்கும் என்பதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

படகும் ஒன்று இருந்தது. அக்கரையில் முன்பு ஓர் உல்லாச விடுதி நடந்தது. காலில் பலகை மாட்டிக்கொண்ட ஆட்களைக் கயிற்றில் பிடிக்கவைத்துத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கென்று அங்கே வாங்கிய பழைய படகு. நீளமாக, தாழ்வாக, அடிப்பக்கம் தோசைக்கல்லாகத் தட்டையாக இருக்கும். விடியற்காலையில், கண்மாய் இன்னும் கண் திறக்காத நேரத்தில், அது வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் எவருக்கும் மனசு கொஞ்சம் கூடவே போகும். காற்றில் அது எப்படிப் போகும் என்று யாரும் பார்த்ததில்லை. காற்றில் அதை எடுக்கும் அளவுக்கு யாருக்கும் பல் வலித்ததில்லை. விடுதி மூடியதும் ஓட்டுநர் இருதயராஜ் அதை இக்கரையில் கட்டி, ஊருக்கே விட்டுவிட்டார்.

இருதயராஜ் அன்றைக்குத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். மீனாளின் தம்பி வீரசிங்கமும் வெயிலுமுத்துவின் கூட்டாளி மாயழகுவும் ஓடிப்போய்ப் படியில் பிடித்தார்கள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். இருதயராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்.

"அது பதினேழு அடிப் படகு, சின்னப் படகு இல்ல! அடி தட்டை, அலையில தூக்கிப் போடும்! அலையில நேரா மோதாதீங்க, கோணலா வெட்டிப் போங்க! மூக்கைத் தூக்கியே வச்சுக்கங்க! கரையைக் கண்ணுல வச்சுக்கிட்டே ஓட்டுங்க! பெரிய அலை வந்தா கையை எடுத்துருங்க!"

எந்தக் கையை, எதிலிருந்து என்பதை பஸ் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விட்டது.

படகைச் சுற்றி நால்வரும் கூடி யோசித்தார்கள். யோசனையில் மாயழகுதான் முதல். எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தவர். அந்த ஊரில் அவ்வளவு எட்டாம் வகுப்பு வேறு யாரும் படித்ததில்லை.

"பதினேழு அடிப் படகுன்னா என்ன அர்த்தம்?" என்றார் மாயழகு.

"பதினேழு அடி வாங்குற படகு," என்றான் வீரசிங்கம்.

"வாங்கியாச்சா, இனிமேத்தான் வாங்கணுமா?"

மீனாள் படகை ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்த்தாள். "ஒரு தழும்பையும் காணோம்ணே. இன்னும் வாங்கல."

"அப்ப இங்கயே குடுத்துருவோம். நடுக்கண்மாயில அலை வந்து குடுத்தா, நாமளும்ல உள்ள இருப்போம்?"

இதைவிடத் தெளிவாக யாரும் பேச முடியாது. புளிய விளார் ஒன்று ஒடித்து வந்தார்கள். ஆளுக்கு நாலு அடி. வெயிலுமுத்து வலியில் இருந்ததால் அவருடைய நாலும் நன்றாகவே விழுந்தன. மிச்சம் ஒன்று இருந்தது. அதை வீரசிங்கம் ஓங்கினான். விளார் வழுக்கி, படகுக்குள் உட்கார்ந்திருந்த மாயழகுவின் முழங்காலில் விழுந்தது.

"இது கணக்குல சேருமா?" என்றான் வீரசிங்கம்.

மாயழகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நியாயம் சொன்னார். "நான் படகுல இருக்கேன். முழங்கால் என்கிட்ட இருக்கு. அப்ப அடி படகுலதான் இருக்கு. சேரும்."

அடுத்தது கரை. வீரசிங்கம்தான் ஓட்டப்போகிறவன். கரையில் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினான்.

"அம்புட்டும் கொள்ளாதுடா," என்றாள் மீனாள். "ஒரு சிட்டிகை போதும். அதுவும் கரைதானே."

அவன் இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டான். "எரியுதுக்கா!"

"கரைன்னா அப்படித்தான் இருக்கும். விட்டுறாதே, வச்சுக்க."

யார் மூக்கைத் தூக்குவது என்று இருதயராஜ் ஆளைச் சொல்லவில்லை. வம்பு எதற்கு என்று நால்வருமே தூக்கிக்கொண்டார்கள். இப்படியாக, மற்ற மூவரும் வானத்தைப் பார்க்க, ஓட்டுகிறவன் எதையுமே பார்க்காமல், படகு புறப்பட்டது.

கரையோரம் மரங்கள் காற்றை மறைத்திருந்தன. தண்ணீர் பட்டாக இருந்தது. படகு அதன்மேல் இஸ்திரிப் பெட்டி மாதிரி வழுக்கிப் போயிற்று. "சொன்னேன்ல, அலுங்கவே இல்ல," என்றாள் மீனாள். சொல்லி முடிப்பதற்குள் மரங்கள் முடிந்துவிட்டன.

கூரான அடியுள்ள படகு அலையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். தட்டை அடிக்கு அந்த வித்தை தெரியாது. அலை தூக்கும், தூக்கிய வேகத்தில் விலகிப் போய்விடும். ஒரு கணம் படகு ஒன்றுமே இல்லாததன்மேல் நிற்கும். அந்த ஒரு கணம் அழகானது. அடுத்த கணம், துவைக்கிற கல்லில் ஈரப் போர்வையை அறைந்தாற்போல் 'டப்' என்று விழும்.

டப். "ஆ!" என்றார் வெயிலுமுத்து. டப். "ஆ!" டப். "அடியே மீனா!"

"பதினேழும் குடுத்தாச்சே, அப்புறமும் ஏன் அடிக்குது?" என்று மீனாள் அலையிடமே கேட்டாள்.

"வெட்டலைல்ல, அதான்!" என்று மாயழகு அதற்கென்றே கொண்டுவந்திருந்த அருவாளை எடுத்துக்கொண்டு முனைக்குப் போனார். அவர் கனத்தில் முனை இன்னும் தாழ்ந்தது. வந்த அலையெல்லாம் அவரைத் தாண்டி உள்ளே வந்து மற்றவர்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. மாயழகு ஓங்கி ஒன்று போட்டார்.

"ஒண்ணை வெட்டிட்டேன்!"

"செத்துருச்சா அண்ணே?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டான் வீரசிங்கம்.

"ரெண்டாப் போச்சு!"

"அய்யய்யோ, வெட்டாதீங்க அண்ணே!" என்று மீனாள் அலறினாள். "ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டு ஆயிருச்சே. இப்படியே போனா கண்மாய் கொள்ளுமா?"

"கோணலா வெட்டச் சொன்னாரு. நான் நேரா வெட்டிட்டேன். அதான் பெருகுது," என்று மாயழகு ஒத்துக்கொண்டு, அடுத்த அலையைக் கோணலாக வெட்டினார். அருவாள் கையைவிட்டுப் போய்க் கண்மாயில் விழுந்தது.

அப்போதுதான் பெரிய அலை வந்தது. "வந்துருச்சு! கையை எடுங்க!" என்று மாயழகு கத்தினார். நால்வரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீரசிங்கத்தின் கை வேகக் கம்பியையும் விட்டுவிட்டதால் படகு சட்டென்று தொய்ந்தது. முன்னால் வந்த பெரிய அலை படகைத் தூக்கியது. பின்னாலேயே துரத்தி வந்த படகின் சொந்த அலையும் ஒரு கை கொடுத்தது. அவ்வளவு உயரத்தில் கும்பிட்ட கையோடு நால்வரும் கோபுரத்துப் பொம்மைகள் மாதிரித் தெரிந்தார்கள்.

டமால்.

வெயிலுமுத்துவின் வாயிலிருந்து ஏதோ பறந்து போய்க் கண்மாயில் 'ப்ளுக்' என்றது. அவர் நாக்கால் துழாவினார். மெதுவாகச் சிரித்தார். இத்தனை நேரம் அவர் சிரிக்காததால் எல்லோரும் பயந்துபோனார்கள்.

"பல்லு போச்சுடி மீனா! வலியும் போச்சு!"

ஆனால் டாக்டரிடம் போவதாகச் சொல்லிப் புறப்பட்டாகிவிட்டது. போகாமல் இருக்க முடியுமா? காற்று தள்ளியும் தானாகத் தவழ்ந்தும் படகு அக்கரை சேர்ந்தது.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னார். நால்வரும் திறந்தார்கள். மூன்று பேரை மூடச் சொல்லிவிட்டு வெயிலுமுத்துவைப் பார்த்தார்.

"பல்லு சுத்தமா வந்துருச்சே! யார் எடுத்தது?"

"கண்மாய்," என்றார் வெயிலுமுத்து. "அம்மா, சாயங்காலம் எலும்பு கடிக்கலாங்களா?"

"இந்தப் பக்கம் கடிக்காதீங்க. அந்தப் பக்கம் கடிங்க."

"அந்தப் பக்கம்தாம்மா விருந்தே," என்று மீனாள் கண்மாய்க்கு அப்பால் கையைக் காட்டினாள்.

"அப்ப சரி. வலி திரும்பி வந்தா மட்டும் வாங்க."

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நால்வரும் படகுக்கு வந்தார்கள். ஏறவில்லை. வெயிலுமுத்துவின் முகம் வாடிவிட்டது.

"வலி திரும்பி வருமாமே மாயழகு. எலும்பு கடிக்கிற நேரத்துல வந்துச்சுன்னா?"

மாயழகு வெகுநேரம் யோசித்தார். "மாப்ளே, வலி யாரோட வந்துச்சு? நம்மளோட. நாம திரும்பினா அதுவும் திரும்பும். நாம திரும்பாமலே ஊருக்குப் போயிட்டா?"

"திரும்பாம எப்படி அண்ணே ஊருக்குப் போறது?"

"முனை இப்படியே இருக்கட்டும். பின்னாடியே விடுறா."

எஞ்சினில் பின்னோக்கிப் போகவும் வழி இருந்தது. வீரசிங்கம் அதைத் தட்டிவிட்டான். படகுக்கு இது பிடிக்கவில்லை. இந்த ரகப் படகுகளுக்குப் பின்பக்கம்தான் ரொம்பத் தாழ்வு, எஞ்சின் கனமும் அங்கேதான். பின்னோக்கிப் போகப் போக, கண்மாய் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி உட்கார்ந்தது.

"தண்ணி வருதுங்க," என்றாள் மீனாள்.

"வலி வருதான்னு பாரு," என்றார் வெயிலுமுத்து.

வலி வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. கணுக்கால், முழங்கால், மடி. வெள்ளந்தியேந்தல் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. படகு எந்தச் சத்தமும் இல்லாமல் கீழே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டது. நால்வரும் தங்கள் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கழுத்தளவு நின்றது.

கரையில் பந்தி போட்டாயிற்று. கருப்பரைப் பார்த்து, கண்மாய்க்கு முதுகு காட்டி, ஊரே இலை முன்னால் இருந்தது. பூசாரி மட்டும் இந்த நாலு தலைகளைப் பார்த்துவிட்டார்.

"வெயிலுமுத்து! எலும்பு ஆறிப்போகுது! திரும்பி வாங்கப்பா!"

"திரும்ப மாட்டேன்! வலி வந்துரும்!" என்று தண்ணீரிலிருந்து பதில் வந்தது. "நீங்க வாங்க! ஆனா யாரும் திரும்பாம வாங்க!"

சொன்ன பேச்சைத் தட்டாத ஊர். எல்லோரும் இலையும் கையுமாக எழுந்தார்கள். கருப்பரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து ஒவ்வொருவராகக் கண்மாய்க்குள் இறங்கினார்கள். பூசாரி நல்லி எலும்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார். வெயிலுமுத்து அதை வாங்கி, அந்தப் பக்கமாகவே வைத்து ஒரு கடி கடித்தார். எலும்பு உடைந்த சத்தம் கோயில் வரைக்கும் கேட்டது.

வலி இல்லை. ஒரு பெரிய அலை வந்து எல்லோர் தலைக்கு மேலும் போயிற்று. படகு அசையக்கூட இல்லை.

சாத்தப்பனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எனக்கும் பல்லு வலிக்கிற மாதிரிதான் இருக்கு. தள்ளி உட்காருங்க," என்று முதுகுப் பக்கமாகவே படகில் ஏறினான். அவனைப் பார்த்துப் பூசாரி ஏறினார். பூசாரியைப் பார்த்து ஊர் ஏறத் தொடங்கியது.

தண்ணீருக்கடியில் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வீரசிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"போதும், போதும், இறங்குங்க! இதுக்கு மேல ஒரு ஆள் ஏறினாலும் படகு முழுகிரும், சொல்லிட்டேன்!"